ஊர்க் கேஸை வெளிநாட்டிலிருந்தே பார்ப்பது எப்படி: ராம்நாடு கடற்கரைக்காரர்களுக்கு

புதிதாக சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போயிருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு ரூம் பிடிப்பது, சிம் கார்டு, பணம் அனுப்புவது பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஊரில் ஓடும் கேஸைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் இல்லை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊரை எடுத்தாலும் ஒரு பாகப்பிரிவினையோ தோப்பு எல்லைத் தகராறோ இல்லாத குடும்பம் குறைவு. ஆள் விமானம் ஏறிய பிறகுதான் அது சூடு பிடிக்கும், ஏனென்றால் நீங்கள் ஊரில் இல்லை என்பது எதிர்த்தரப்புக்கும் தெரியும். மச்சான் சொன்னார், வக்கீல் குமாஸ்தா சொன்னார் என்று கேட்டுக்கொண்டே கேஸை ஓட்டாதீர்கள். உங்கள் போனிலேயே பார்க்கலாம், பைசா செலவில்லை.

முதலில் சம்மன். சம்மனைக் கொண்டுவரும் கோர்ட் ஊழியரான அமீனா வீட்டுக்கு வருவார், உங்கள் பெயரைச் சொல்லி இருக்கிறாரா என்பார், "அவன் துபாயில இருக்கானே" என்று உம்மா சொல்வார், ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கட்டு டிவி ஸ்டாண்டுக்கு அடியில் போகும். பிள்ளை அங்கே கஷ்டப்படுகிறான், இதை வேறு ஏன் சொல்ல வேண்டும் என்ற நினைப்புதான். ஆனால் ஆள் வீட்டில் இல்லை, சீக்கிரம் வரும் வாய்ப்பும் இல்லை, அவர் சார்பில் வாங்க அதிகாரம் பெற்றவரும் இல்லை என்றால், கூட வசிக்கும் வயது வந்த குடும்பத்தாரிடம் சம்மனைக் கொடுக்க உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. 5-ஆம் ஆணை, 15-ஆம் விதி. நான் வெளிநாட்டில் குடியிருப்பவன், இது செல்லாது என்று வாதாடலாம்தான், ஆனால் அதற்கும் முதலில் விஷயம் உங்கள் காதுக்கு வர வேண்டும் இல்லையா? சம்மன் சேர்ந்ததிலிருந்து எதிருரை, அதாவது உங்கள் எழுத்துமூலப் பதில் போட 30 நாள், கோர்ட் மனது வைத்தால் 90 வரை. ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நீக்கக் கேட்பதற்கும் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான். சம்மன் முறையாகச் சேரவில்லை என்றால் மட்டும் உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து கணக்கு. அதனால் கோர்ட் சீல் போட்ட எந்தக் காகிதம் வந்தாலும் அன்று ராத்திரியே எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வையுங்கள்.

அப்புறம் சிஎன்ஆர் எண், ஒவ்வொரு கேஸுக்கும் கொடுக்கும் தனி அடையாள எண். எழுத்தும் எண்ணும் கலந்து 16 இருக்கும், நம்ம மாநிலத்துக்கு 'டிஎன்' என்று தொடங்கும். வக்கீலிடம் வேறு எதையும் கேட்பதற்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள். கோர்ட்டுகளின் அதிகாரபூர்வ இ-கோர்ட்ஸ் செயலியில் இதைப் போட்டால் கேஸ் எந்தக் கோர்ட்டில் இருக்கிறது, கடைசியாக என்ன நடந்தது, அடுத்த வாய்தா என்றைக்கு எல்லாம் வந்துவிடும். எண் கிடைக்கவில்லையா, மாவட்டத்தையும் கோர்ட்டையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்துப் பெயரை வைத்துத் தேடலாம். நம்ம ஊர்ப் பெயர்கள் படுத்துவது இங்கேதான். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனை விதமாகவும் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். முழுப் பெயரைப் போடாமல், எல்லா எழுத்துக்கூட்டலிலும் மாறாமல் வரும் நாலைந்து எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். கேஸே இல்லை என்று நினைப்பவர்களும் வாப்பா பெயரில் ஒரு தடவை தேடிவிடுவது நல்லது. வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம், அதில் வருவது பதிவான பத்திரங்கள்; கேஸ் நடப்பது பெரும்பாலும் அதில் தெரியாது.

'ஓஎஸ்' என்றால் மூல வழக்கு, 'ஐஏ' என்றால் அதற்குள் போட்ட மனு. இடைக்காலத் தடை எல்லாம் ஐஏவில்தான் கேட்பார்கள், ஆகவே அதையும் திறந்து பாருங்கள். 'ஈபி' வந்துவிட்டால் தீர்ப்பாகி, நிறைவேற்றும் கட்டத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

எந்தக் கோர்ட் எதற்கு என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டியதில்லை. சொத்து மதிப்பைப் பொறுத்து முன்சீப் கோர்ட், சப் கோர்ட், மாவட்டக் கோர்ட். அதற்கு மேல் ஹைகோர்ட், நம்ம மாவட்டத்துக்கு அது மதுரைக் கிளை, 2004 ஜூலையில் தொடங்கியது. அங்கே உள்ள வழக்கு எண்ணில் 'எம்டி' என்று சேர்ந்து வரும். சென்னையில் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்று அங்கே பணம் கட்டுவதற்கு முன் இதை யோசியுங்கள். கடல் தொழில் குடும்பங்கள் கதை வேறு, கடலில் இலங்கைக் கடற்படை பிடித்துப்போன ஆட்களுக்காக, பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் இலங்கையின் ஊர்காவற்றுறை கோர்ட் வாய்தாவை விரல்நுனியில் வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சட்டத்தைப் படித்துப் பார்க்க 'இந்தியா கோட்' தளம், தீர்ப்புகளுக்கு 'இந்தியன் கானூன்', இரண்டும் இலவசம். போலீஸ் கேஸ் என்றால் தேதியைப் பாருங்கள்: 2024 ஜூலை 1-இலிருந்து நடந்த குற்றங்களுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, அதற்கு முந்தையதற்குப் பழைய ஐபிசி. 420 என்று பேச்சில் சொல்வது புதிய எஃப்ஐஆரில் 318 என்று இருக்கும்.

உங்கள் சார்பில் செயல்பட ஊரில் ஒருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுக்கும்போது கவனம். தூதரகத்தில் சான்று வாங்கி ஊருக்கு அனுப்பினால், இந்தியாவில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். கேஸ் நடத்த மட்டும் என்று எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்து ஒரே தாளில் கொடுப்பது நம்ம பக்கம் ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வளைகுடாவில் பேங்க் கடன் வாங்கிவிட்டு ஊருக்கு வந்துவிட்டால் முடிந்தது என்று ரூமில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2020 ஜனவரியில் மத்திய அரசு அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்துவிட்டது. அங்குள்ள பணத் தீர்ப்பை இங்கே மாவட்டக் கோர்ட்டில் இங்கத்திய தீர்ப்பு போலவே நிறைவேற்றக் கேட்கலாம். சிங்கப்பூர், மலேசியாவுக்கு இது முன்பே உண்டு.

உம்மாவோ அக்காவோ ஊரில் தனியாகக் கேஸ் பார்க்கிறார்கள் என்றால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 15100-க்கு அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழி சொல்லும். லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) ராசி, அதாவது சமரசம் பேசுகிறோம் என்று அழைத்தாலும் போகலாம், முடிந்தால் கோர்ட் கட்டணம்கூடத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவுக்கு அப்பீல் கிடையாது. கையெழுத்துப் போடுவதற்கு முன் வரைவை உங்களுக்கு அனுப்பச் சொல்லி, எந்த சர்வே நம்பர் யாருக்கு என்பதை வரி வரியாகப் படித்துவிடுங்கள்.