ரஷ்ய ஐஸ் ஹாக்கி டிஃபென்ஸ்மேனின் புள்ளிவிவரப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

நீலக்கோடு (கேள்வி):
ரஷ்ய டிஃபென்ஸ்மேன்களின் (தடுப்பாட்டக்காரர்களின்) பக்கத்தைத் திறந்தாலே குழப்பமாக இருக்கிறது. ஒரே சீசனுக்கு எம்.எச்.எல், வி.எச்.எல், கே.எச்.எல் என்று மூன்று வரி. கே.எச்.எல் வரியில் இருபது ஆட்டம், ஒரே ஒரு அசிஸ்ட் (கோலுக்கு உதவிய பாஸ்). அடுத்த சீசனும் ஏறக்குறைய அதே கதை. பிறகு 23 வயதில் ஆள் வட அமெரிக்காவின் என்.எச்.எல் லீக்கில் நிற்கிறார். கோல், அசிஸ்ட்டை வைத்து இவர் தேறுவார், இவர் தேறமாட்டார் என்று சொல்ல முடியவில்லை. வேறு எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும்? டிராஃப்ட் ஆன பிறகும், அதாவது என்.எச்.எல் அணி ஒன்று தேர்ந்தெடுத்த பிறகும், நான்கைந்து வருஷம் ஏன் ரஷ்யாவிலேயே இருக்கிறார்கள்?

மூன்றாம்ஜோடி:
முதலில் ஏணியைப் புரிந்துகொள்ளுங்கள். முதல் நிலை லீக்கான கே.எச்.எல் 2008-லும், இளையோருக்கான எம்.எச்.எல் 2009-லும், இரண்டாம் நிலை லீக்கான வி.எச்.எல் 2010-லும் தொடங்கின. பெரிய கிளப் ஒன்றுக்கு மூன்று படியிலும் அணி இருக்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் எஸ்.கே.ஏ, அதற்குக் கீழே எஸ்.கே.ஏ-நெவா, அதற்கும் கீழே எஸ்.கே.ஏ-1946. செல்யாபின்ஸ்கில் டிராக்டர், செல்மெட், பேலியே மெத்வேதி. பையன் ஒரே வாரத்தில் இரண்டு அணிக்கு ஆடுவதும் உண்டு. மூன்று வரி வருவது இதனால்தான்.

நீங்கள் பார்க்க வேண்டிய கட்டம், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆடினார் என்பது. கணக்கு எளிது: 60 நிமிட ஆட்டம், எப்போதும் இரண்டு டிஃபென்ஸ்மேன் பனியில் (ஆட்டக்களத்தில்), ஆக 120 நிமிடத்தை ஆறு பேர் பங்கு போடுகிறார்கள். தலைக்கு 20. முதல் ஜோடி 22 அல்லது 24 எடுத்துக்கொள்ளும், மூன்றாம் ஜோடிக்கு 14, 15 மிஞ்சும். ஏழாவது ஆளாகப் பெயர் போட்டு உட்காரவைத்தால் நான்கைந்து நிமிடம்தான். நீங்கள் சொன்ன "இருபது ஆட்டம், ஒரு அசிஸ்ட்" 5 நிமிடத்தில் வந்ததா 17 நிமிடத்தில் வந்ததா என்று பாருங்கள். 19 வயதில் 17 நிமிடம் கொடுக்கிறார் என்றால் பயிற்சியாளர் அந்தப் பையனை நம்புகிறார் என்று அர்த்தம். புள்ளி (கோல், அசிஸ்ட்) பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை.

அதற்குள்ளேயும் ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் குறைவாக ஆடும்போது, அதாவது பெனால்டி கில்லில், அவரை இறக்குகிறார்களா? பவர் ப்ளேயில், அதாவது எதிரணிக்கு ஆள் குறையும்போது, இளைஞனை நிறுத்துவது எளிது, தப்பு நடந்தாலும் பெரிய சேதமில்லை. பெனால்டி கில்லில் தன் கோலுக்கு முன் நிற்பவரின் ஒரு தவறு நேரே ஸ்கோர்போர்டுக்குப் போகும்.

வி.எச்.எல் வரியைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். பெஞ்சில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆடுவதைவிட, 28, 30 வயது ஆட்களோடு மோதி 20 நிமிடம் ஆடுவது டிஃபென்ஸ்மேனுக்கு நூறு மடங்கு மேல். கெட்ட அறிகுறி எதுவென்றால் 20 வயதிலும் எம்.எச்.எல்லிலேயே புள்ளி குவித்துக்கொண்டிருப்பது.

காகிதவேலை:
ஏன் தாமதம் என்பதற்குப் பாதி பதில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. என்.எச்.எல்லுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே வீரர் மாற்ற உடன்படிக்கை கிடையாது. கிளப்புக்கு ஒரு தொகையைக் கொடுத்து ஆளைக் கூட்டிப்போக வழியில்லை. ஒப்பந்தம் முடிய வேண்டும், அல்லது கிளப்பே சம்மதித்து முன்கூட்டி விடுவிக்க வேண்டும். ஆகவே ஒருவர் எப்போது வருவார் என்று தெரிய, டிராஃப்ட் வருஷத்தைப் பார்க்காமல் கே.எச்.எல் ஒப்பந்தம் முடியும் வருஷத்தைப் பாருங்கள்.

அலெக்சாண்டர் நிகிஷின் நல்ல உதாரணம். 2020-ல் என்.எச்.எல் அணியான கரோலினா மூன்றாம் சுற்றில், 69-வது தேர்வாக எடுத்தது. 2022-ல் ஸ்பார்டக்கிலிருந்து எஸ்.கே.ஏ-வுக்கு மாறினார், அங்கே கேப்டனும் ஆனார். கரோலினாவுக்காக முதலில் ஆடியது 2025 ப்ளேஆஃபில்தான் (சீசன் முடிவில் வரும் கோப்பைச் சுற்று).

விளாதிஸ்லாவ் கவ்ரிகோவ் கதையில் இன்னொரு நுணுக்கம். 2015-ல் ஆறாம் சுற்று, 159-வது தேர்வு, கொலம்பஸ். யாரோஸ்லாவ்ல் லோகோமோட்டிவ், பிறகு எஸ்.கே.ஏ, 2018-ல் ஒலிம்பிக் தங்கம். 2019 ஏப்ரலில் எஸ்.கே.ஏ ப்ளேஆஃபிலிருந்து வெளியேறியதும் கொலம்பஸ் வந்து ப்ளேஆஃபில் இறங்கினார். அவசரம் எதற்கு? புதுமுக ஒப்பந்தத்தின் நீளம் கையெழுத்திடும் வயதைப் பொறுத்தது: 18 முதல் 21 வரை மூன்று வருஷம், 22, 23 என்றால் இரண்டு, 24 என்றால் ஒன்று. ப்ளேஆஃபில் இருந்த அந்தச் சில நாட்களும் ஒப்பந்தத்தில் ஒரு முழு வருஷமாகக் கழிந்துவிடும். சம்பளத்துக்குக் கடிவாளம் போடும் ஒப்பந்தம் சீக்கிரம் முடியும், அடுத்த பேரம் ஒரு வருஷம் முன்னால் வரும். ஆர்த்யோம் சூப் டிராஃப்டே ஆகாதவர். கபாரோவ்ஸ்க் அமூரிலும் எஸ்.கே.ஏ-விலும் ஆடிவிட்டு 24 வயதில் ஒட்டாவாவோடு ஒரு வருஷ ஒப்பந்தம் போட்டார்.

சிறு வயதிலேயே கனடா ஜூனியர் லீக்குக்குப் போகிற வழியும் உண்டு. மிகயில் செர்காச்சேவ் வின்ட்சரிலிருந்தும், இவான் புரவோரவ் பிராண்டனிலிருந்தும் டிராஃப்ட் ஆனார்கள் (2016-ல் 9-வது, 2015-ல் 7-வது). அதிலும் ஒரு சிக்கல். அப்போதைய விதிப்படி, கனடா ஜூனியரிலிருந்து எடுக்கப்பட்டவர் 20 வயதுக்குள் என்.எச்.எல் அணியில் நிற்கவில்லையென்றால் ஜூனியருக்கே திரும்ப வேண்டும், நடுவில் என்.எச்.எல்லுக்கு அடுத்த நிலை லீக்கான ஏ.எச்.எல்லுக்கு அனுப்ப முடியாது. செர்காச்சேவ் மாண்ட்ரியலுக்காக 4 ஆட்டம் ஆடிவிட்டு வின்ட்சருக்குத் திரும்பியது அதனால்தான். ரஷ்யாவிலிருந்து நேராக எடுக்கப்பட்டவருக்கு இந்தத் தடை இல்லை.

இடதுகைஸ்டிக்:
மேலே இரண்டு பேரும் பனியின் அளவைப் பற்றியே பேசவில்லையே. வழக்கமான பழைய சர்வதேச அளவு 60 x 30 மீட்டர். என்.எச்.எல் அகலம் 26 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கே.எச்.எல்லில் இப்போது 28, 26 மீட்டர் அரங்கும் இருக்கிறது, எனவே எந்த அரங்கில் வளர்ந்தார் என்றும் கவனியுங்கள்.

30 மீட்டரில் பழகியவருக்குச் சொல்லிக்கொடுப்பது: பக் (ஆடும் வட்டு) வைத்திருப்பவரை ஓரச்சுவர் வரை துரத்தாதே, நடுவைக் காத்து நில். ஓரத்துக்கு இழுத்துப் போனால் கோலுக்கு முன்னால் பெரிய வெற்றிடம் விழும். அதே பழக்கத்தோடு சிறிய பனிக்கு வந்தால் நேர் எதிர்ப் பிரச்சினை. அவர் காத்து நிற்கிறார், எதிராளிக்கு ஓரத்தில் நேரம் கிடைக்கிறது, அங்கிருந்து கோல் மிக அருகில். இடைவெளியைச் சீக்கிரம் மூட வேண்டும், தன் பகுதியின் எல்லையான நீலக்கோட்டிலேயே நிறுத்தப் பார்க்க வேண்டும். இதற்குப் பின்னோக்கிச் சறுக்கும் வேகம் இருந்தால்தான் துணிச்சல் வரும்.

இன்னொன்று, மூலைக்குப் போய் பக்கை எடுப்பது. பெரிய பனியில் எடுத்த பிறகு நிமிர்ந்து பார்க்க நேரமுண்டு. சிறிய பனியில் தொடுவதற்கு முன்பே இரு தோளுக்கும் மேலாகப் பார்த்து முடிவெடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் முதுகில் ஓர் ஆள், கையில் பக் இல்லை. முதல் சீசனில் தடுமாறுபவர்களின் வீடியோவைப் பாருங்கள், பெரும்பாலும் இதே காட்சிதான்.

ஸ்டிக் பக்கத்தையும் பாருங்கள். ரஷ்ய டிஃபென்ஸ்மேன்களில் பெரும்பாலோர் இடப்பக்கம் பிடிப்பவர்கள்: ஆர்லவ், புரவோரவ், சதோரவ், கவ்ரிகோவ், ரொமானவ், நிகிஷின் எல்லாருமே. இடப்பக்கத்தில் மூன்றே இடம், போட்டியோ பலமாக இருக்கும். சிலரை வலப்பக்கம் மாற்றுவார்கள். அங்கே ஓரச்சுவரை ஒட்டி வரும் பக்கை எதிரணிப் பகுதியின் நீலக்கோட்டில் பேக்ஹேண்டில் (ஸ்டிக்கின் பின்பக்கத்தால்) நிறுத்த வேண்டிவரும், ஒரு அங்குலம் தவறினால் எதிராளி தனியாக ஓடுவார். வலப்பக்கம் பிடிக்கும் சூப்புக்கு டிராஃப்ட் இல்லாமலே இடம் கிடைத்ததில் இதற்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

நீலக்கோடு:
மிகத் தெளிவு, நன்றி. ப்ளஸ்-மைனஸ் கட்டத்தை (ஆள் பனியில் இருக்கும்போது அணி போட்ட கோலில் வாங்கிய கோலைக் கழித்தது) நம்பலாமா? சிலருக்கு நடுவில் ஒரு சீசனே காணவில்லையே, அது என்ன?

மூன்றாம்ஜோடி:
ப்ளஸ்-மைனஸைத் தனியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். சி.எஸ்.கே.ஏ மாதிரி பலமான அணியில் மூன்றாம் ஜோடிக்கும் ப்ளஸ் வரும். கடைசி இடத்து அணியில் எதிரணியின் முதல் வரிசையோடு தினமும் மோதுபவருக்கு மைனஸ்தான் வரும். அதே அணியின் மற்ற டிஃபென்ஸ்மேன்களோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

காணாமல் போன சீசன் என்றால் பெரும்பாலும் காயம். திமித்ரி ஆர்லவுக்கு 2014-15-ல் என்.எச்.எல் ஆட்டமே இல்லை, அடுத்த சீசனில் 82 ஆட்டமும் ஆடினார், 2018-ல் வாஷிங்டனோடு என்.எச்.எல் கோப்பையான ஸ்டான்லி கப்பும் வென்றார்.

காகிதவேலை:
ஒரு சேர்க்கை. 2022 பிப்ரவரி முதல் ரஷ்யா சர்வதேசப் போட்டிகளில் இல்லை. ரொமானவ் 2019 உலக ஜூனியரில் எல்லார் கண்ணிலும் பட்டார், இப்போது வளர்பவர்களுக்கு அந்த மேடை கிடையாது. அவர்களுக்கு லீக் வரி ஒன்றுதான் சாட்சி, எனவே நிமிடக் கணக்கு இன்னும் முக்கியமாகிறது.

பக்கத்தின் கடைசி வரிகளில் மறுபடி கே.எச்.எல் வந்தால் தோற்றுத் திரும்பினார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆந்திரெய் மார்கவ் மாண்ட்ரியலுக்காக 990 ஆட்டம் ஆடிவிட்டு 2017-ல் கசான் அக் பார்ஸுக்குப் போனார், 2018-ல் கே.எச்.எல்லின் ககாரின் கோப்பை வென்றார். அங்கேயும் அதே கட்டத்தைத் திறந்து நிமிடத்தைப் பாருங்கள்.