ஜிஜிபிளாட்2 ஹீட்மேப்: மைனஸ் மதிப்புகள் வெளுக்கின்றன, லிமிட்ஸ் போட்டால் சாம்பல் கட்டங்கள்

கேள்வி:
ஆர் நிரல்மொழியின் ஜிஜிபிளாட்2 பேக்கேஜில், கட்டங்கள் வரையும் ஜியோம்_டைல் வைத்து ஹீட்மேப் (மதிப்புகளை நிறங்களாகக் காட்டும் படம்) போடுகிறேன். மதிப்புகள் -4 முதல் 38 வரை. கொடுத்த ஸ்கேல் (எந்த மதிப்புக்கு எந்த நிறம் என்ற விதி):

ஸ்கேல்_ஃபில்_கிரேடியன்ட்2(லோ = "ப்ளூ", மிட் = "ஒயிட்", ஹை = "ரெட்", மிட்பாயின்ட் = 0)

பூஜ்ஜியத்துக்குக் கீழே உள்ள கட்டங்களில் நீலமே தெரியவில்லை, கிட்டத்தட்ட வெள்ளை. ஸ்கேலின் எல்லையாக லிமிட்ஸ் = சி(-10, 10) சேர்த்ததும் நீலம் வந்தது; ஆனால் பெரிய மதிப்புள்ள கட்டங்கள் எல்லாம் சாம்பலாகிவிட்டன. எங்கே தப்பு?

பதில் 1:
இரண்டுமே அந்த ஃபங்ஷன் செய்ய வேண்டிய வேலைதான். கிரேடியன்ட்2 நடுப்புள்ளிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு தூரத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் டேட்டாவில் பூஜ்ஜியத்திலிருந்து மிகத் தள்ளி இருப்பது 38. அதனால் முழு நீலம் -38க்கு ஒதுக்கப்படுகிறது. -4 அந்த வழியில் பத்தில் ஒரு பங்கைத்தான் தாண்டியிருக்கிறது, வெளுப்பாகத்தானே தெரியும்?

சாம்பலுக்குக் காரணம் வேறு. லிமிட்ஸுக்கு வெளியே விழும் மதிப்பை ஸ்கேல் என்ஏ (மதிப்பு இல்லை) ஆக்கிவிடும். என்ஏவின் நிறம் கிரே50. இதில் பெரிய ஆபத்து, உண்மையிலேயே டேட்டா இல்லாத கட்டமும் 38 உள்ள கட்டமும் ஒரே சாம்பலாக நிற்கும். எல்லைக்கு வெளியே உள்ளவற்றை என்ன செய்வது என்று சொல்வது ஓஓபி; இப்படி மாற்றுங்கள்:

லிமிட்ஸ் = சி(-10, 10), ஓஓபி = ஸ்கேல்ஸ்::ஸ்க்விஷ்

ஸ்க்விஷ்ஷுக்குப் பின்னால் அடைப்புக்குறி வேண்டாம், ஃபங்ஷனின் பெயர் மட்டும் போதும். 10க்கு மேலே உள்ளவை எல்லாம் 10இன் சிவப்பையே வாங்கிக்கொள்ளும். லெஜண்டில் (நிற விளக்கப் பட்டையில்) கடைசி லேபிளை "10+" என்று பிரேக்ஸ், லேபிள்ஸ் வழியாக மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் படம் பார்ப்பவர் அதிகபட்சமே 10 என்று நம்பிவிடுவார்.

பதில் 2:
38 வரை வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் கிரேடியன்ட்என்:

ஸ்கேல்_ஃபில்_கிரேடியன்ட்என்(கலர்ஸ் = சி("ப்ளூ", "ஒயிட்", "ரெட்"), வேல்யூஸ் = ஸ்கேல்ஸ்::ரீஸ்கேல்(சி(-4, 0, 38)))

வேல்யூஸ் 0 முதல் 1 வரையிலான இடங்களைத்தான் எதிர்பார்க்கும். நேரடியாக -4, 0, 38 கொடுத்தால் வெள்ளை சரியான இடத்தில் விழாது. ரீஸ்கேல் செய்தால் பூஜ்ஜியம் சுமார் 0.095இல் உட்காரும். கூடவே லிமிட்ஸும் கொடுத்தால், ரீஸ்கேலுக்குள் அதே லிமிட்ஸ் எண்களைப் போடுங்கள்.

ஆனால் இதில் -4இன் நீலமும் 38இன் சிவப்பும் ஒரே அழுத்தத்தில் இருக்கும். இரு பக்க அளவையும் ஒப்பிடுவதுதான் நோக்கமென்றால் இந்த வழி படத்தைப் பொய்யாக்கும், நான் ஸ்க்விஷ்ஷையே எடுப்பேன். சுத்த "ப்ளூ", சுத்த "ரெட்" இரண்டும் வேண்டாம். நீலம் சிவப்பைவிட நன்றாகவே இருண்டது. ஸ்கேல்ஸ்::மியூட்டட்("ப்ளூ"), ஸ்கேல்ஸ்::மியூட்டட்("ரெட்") கொடுத்தால் இரண்டின் வெளிச்ச அளவும் 30க்கு வந்துவிடும்.

கேட்டவர்:
ஸ்க்விஷ் வேலை செய்கிறது, மிக்க நன்றி! அதே நிரலை இரண்டாவது சிஎஸ்வி ஃபைலில் ஓட்டினால் "டிஸ்கிரீட் வேல்யூ சப்ளைட் டு கன்டின்யுவஸ் ஸ்கேல்" என்று எரர் வருகிறது.

பதில் 1:
அந்த நெடுவரிசை எண்ணாகப் படிக்கப்படவில்லை. எஸ்டிஆர்(டேட்டா) போட்டுப் பாருங்கள், சிஎச்ஆர் (எழுத்து) அல்லது ஃபேக்டர் (வகைகளாகச் சேமித்தது) என்று காட்டும். ஒரே ஒரு கட்டத்தில் எழுத்து இருந்தாலும் மொத்த நெடுவரிசையும் எழுத்தாகிவிடும். ஃபேக்டராக இருந்தால் ஏஸ்.நியூமரிக்(எக்ஸ்) என்று நேராகப் போடாதீர்கள். எச்சரிக்கையே இல்லாமல் 1, 2, 3 என்று லெவல் எண்களை (வகைகளின் வரிசை எண்களை) தந்துவிடும், ஹீட்மேப்பும் பார்க்க நன்றாகவே வரும்! ஏஸ்.நியூமரிக்(ஏஸ்.கேரக்டர்(எக்ஸ்)) என்பதுதான் சரி. ஆர் 4.0.0க்கு முந்தைய பதிப்பில் ரீட்.சிஎஸ்வி தானாகவே ஃபேக்டராக்கும்.

பதில் 2:
மாற்றும்போது "என்ஏஸ் இன்ட்ரடியூஸ்ட் பை கோயர்ஷன்" (எண்ணாக்க முடியாதவை என்ஏ ஆகிவிட்டன) என்ற எச்சரிக்கை வந்தால் கடந்துபோகாதீர்கள். எந்த வரிசை என்று பிடிக்க:

விச்(இஸ்.என்ஏ(ஏஸ்.நியூமரிக்(ஏஸ்.கேரக்டர்(எக்ஸ்))) & !இஸ்.என்ஏ(எக்ஸ்))

மைனஸ் மதிப்புகள் மட்டும் என்ஏ ஆகியிருந்தால் பெரும்பாலும் அங்கே இருப்பது கீபோர்டின் "-" அல்ல, ஆவணத்திலிருந்து ஒட்டிய சற்று நீளமான "−" குறி. ஜிசப்("−", "-", எக்ஸ்) போட்டுவிட்டு எண்ணாக்குங்கள்.

கேட்டவர்:
அதேதான்! 14 வரிசைகளில் நீளமான குறி இருந்தது. மாற்றியதும் நீலக் கட்டங்கள் வந்துவிட்டன.