முயலைக் கண்டால் கூப்பிட்டும் திரும்பாத சிப்பிப்பாறை: பழக்கியவர்கள் வழி சொல்லுங்கள்

நாட்டு நாய் வளர்க்கும் உறவுகளுக்கு வணக்கம். அஞ்செட்டி பக்கம் எங்கள் நிலம். ராகியும் நிலக்கடலையும் போடுகிறோம். காட்டுப்பன்றி வந்தால் குரல் கொடுக்கட்டும் என்று ஒரு சிப்பிப்பாறை வளர்க்கிறேன். ஆண் நாய், இரண்டு வயது.

வீட்டில் பெயரைச் சொன்னாலே ஓடி வந்து காலடியில் உட்காரும். வயலில் ஒரு முயல் எழுந்துவிட்டால் என் குரல் அதன் காதில் ஏறுவதே இல்லை. போன வாரம் விடியற்காலையில் ஒரு காட்டு முயலைக் கவ்விக்கொண்டு வந்து வரப்பில் என் முன்னால் வைத்தது. மூச்சிரைக்க, வாலை ஆட்டியபடி என் முகத்தையே பார்த்து நின்றது. அடிக்கக் கை வரவில்லை. கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம், இரத்தத்தில் ஊறியதைத்தானே செய்தது? ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த முயலின் வயிறு கனத்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

பன்றியை இப்படித் துரத்தினால் இதன் உயிருக்கே ஆபத்து. பக்கத்துத் தோட்டத்து நாயின் தொடையைப் பன்றி கிழித்ததை நேரில் பார்த்தவன் நான்.

இருபது அடிக் கயிற்றில் விட்டுக் கூப்பிட்டு, வந்ததும் அவித்த முட்டை கொடுத்துப் பழக்குகிறேன். கயிறு இருக்கும்வரை வருகிறது, அவிழ்த்தால் பழைய கதைதான். இந்த வயதில் பழக்கியவர்கள் இருக்கிறீர்களா? விசில் நல்லதா, குரலா? கயிற்றை எத்தனை மாதம் கழித்து அவிழ்க்கலாம்? கட்டியே போடச் சொல்லாதீர்கள், ஓடுவதற்கென்றே பிறந்த நாய் அது.