வாகரை வேடர் பிள்ளைகளுக்குக் களப்பாடம்: சொற்களை எப்படிப் பதிவது?

கேள்வி: இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள வாகரையில் வேடர் (பழங்குடி) பிள்ளைகளைக் காட்டுக்கும் களப்புக்கும் (கடலோர நீர்ப்பரப்பு) கூட்டிப்போய்ப் படிப்பிக்கப் போகிறோம். மூத்தவர்களின் சொற்களை எப்படிப் பதிவது?

பதில் 1: தங்கச்சி, கரையோர வேடர் இன்று பேசுவது தமிழ். உள்நாட்டு வேடர் ஊரான தம்பானையின் சொற்களைக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள், அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். "இதுக்கு என்ன பெயர்?" என்று கேட்டால் பாடப்புத்தகச் சொல்தான் வரும். கிழங்கு தோண்டும்போது, வலை வீசும்போது பேசவிடுங்கள். சொல்லோடு மரத்தின் இலை, காய் இரண்டையும் படமெடுங்கள். இலை மட்டுமென்றால் பிறகு இனங்காண்பது கஷ்டம்.

பதில் 2: போன் போதும். வேவ் (WAV, சுருக்காத ஒலி) கோப்பாகப் பதியுங்கள், 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட். மைக்குக்குப் பஞ்சுறை போடாவிட்டால் களப்புக் காற்று குரலை விழுங்கிவிடும். ஒரு சொல்லை மூன்று தரம், பிறகு ஒரு வசனத்தில்.

பதில் 3: ஒரு மூத்தவருக்கு எட்டுப் பிள்ளைக்கு மேல் வேண்டாம், பின்னால் நிற்பவருக்குக் கேட்காது. மூத்தவருக்கு அன்றைய தொழில் போகும், நாட்கூலி கொடுங்கள். சடங்குப் பாட்டுக்குத் தனி அனுமதி கேளுங்கள்.