ஸ்டைல் போட்டும் தடிக்காத தமிழ் எழுத்து

லிப்ரெஆபிஸ் ரைட்டரில் நாமே உருவாக்கிய கேரக்டர் ஸ்டைலுக்கு (தேர்ந்த சொற்களுக்கு மட்டும் போடும் வடிவத் தொகுப்பு) போல்ட் கொடுத்திருப்போம். ஆங்கிலச் சொல் தடிக்கும், ஒட்டி நிற்கும் தமிழ்ச் சொல் மெலிந்தே இருக்கும். ஸ்டைல் கெடவில்லை. ரைட்டர் ஆங்கிலத்தை வெஸ்டர்ன் எழுத்தாகவும், தமிழை சிடிஎல் (காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்) எழுத்தாகவும் தனித்தனியே வைத்திருக்கிறது. எஃப்11 அழுத்தினால் வரும் ஸ்டைல் பட்டியலில் அந்த ஸ்டைல்மேல் வலது கிளிக், எடிட் ஸ்டைல். ஃபாண்ட் தாவலில் வெஸ்டர்ன் பகுதிக்குக் கொடுத்த போல்ட், அளவு, ஃபாண்ட் பெயர் மூன்றையும் சிடிஎல் பகுதியிலும் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியே கண்ணில் படவில்லை என்றால் டூல்ஸ் – ஆப்ஷன்ஸ் – மொழி அமைப்பில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்யுங்கள். வேர்டிலும் இதே கூத்துதான். அங்கே ஃபாண்ட் பெட்டியில் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று தனிப் பகுதி.

*

அதைச் சரிசெய்த பிறகும் ஒரு சில சொற்கள் மட்டும் முரண்டு பிடித்தால் அங்கே நேரடி ஃபார்மேட்டிங், அதாவது ஸ்டைல் இல்லாமல் கையால் போட்ட வடிவம், உட்கார்ந்திருக்கும். கையால் போட்டது கேரக்டர் ஸ்டைலை அமுக்கும், கேரக்டர் ஸ்டைல் பாரா ஸ்டைலை (முழுப் பத்திக்கான ஸ்டைல்) அமுக்கும். ரைட்டரில் சொல்லைத் தேர்ந்து கன்ட்ரோல்+எம் அழுத்தினால் கையால் போட்டது மட்டும் போகும், ஸ்டைல் தங்கும். வேர்டில் கன்ட்ரோல்+ஸ்பேஸ் அழுத்தும்போது கவனம், அது கேரக்டர் ஸ்டைலையும் சேர்த்தே துடைத்துவிடும். எது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ரைட்டர் 7.1 முதல் ஸ்டைல் இன்ஸ்பெக்டர் இருக்கிறது, வேர்டில் ஷிஃப்ட்+எஃப்1.

வேர்டில் இன்னொன்று: பாரா ஸ்டைலே இட்டாலிக்காக இருந்தால், அதன்மேல் போட்ட இட்டாலிக் கேரக்டர் ஸ்டைல் எழுத்தை நிமிர்த்திவிடும். பிழை போலத் தெரியும், ஆனால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். சாய்ந்த பத்திக்குள் அழுத்தம் வேறுபட்டுத் தெரியத்தான்.

*

தமிழுக்கு இட்டாலிக்கே வேண்டாம் என்பது என் கட்சி. லதா, நிர்மலா யூஐ ஆகிய தமிழ் ஃபாண்ட்கள் இரண்டிலும் இட்டாலிக் வடிவம் கிடையாது. மென்பொருள் நேர் எழுத்தையே சாய்த்துக் காட்டும், ழ, ஞ எல்லாம் கோணிக்கொண்டு நிற்கும். அழுத்தம் காட்டும் எம்பசிஸ் ஸ்டைலின் சிடிஎல் பகுதியில் இட்டாலிக்கை எடுத்துவிட்டு போல்டோ நிறமோ வைத்தால் போதும்.

*

தேடி மாற்றும்போது வருகிற சிக்கல் இது. ‘பட’ என்று தேடி, கிடைத்ததற்கெல்லாம் ஸ்டைல் போட்டால் சில சமயம் ‘படி’யில் உள்ள ப, ட இரண்டும் மாட்டக்கூடும். அப்போது இகரக் குறி ஸ்டைலுக்கு வெளியே நிற்கும். எல்லை எழுத்தின் நடுவில் விழுவதால் சில இடங்களில் குறி பிரிந்து புள்ளிவட்டம் முளைக்கும், சில இடங்களில் பாதி எழுத்துக்கு மட்டும் நிறம் ஏறும். முழுச்சொல் மட்டும் தேடும் விருப்பத்தை டிக் செய்யுங்கள், ‘எல்லாவற்றையும் மாற்று’ பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே உடைந்திருந்தால் முழுச்சொல்லையும் தேர்ந்து ஸ்டைலை மறுபடி போட்டால் ஒட்டிக்கொள்ளும்.

*

ரைட்டரில் கேரக்டர் ஸ்டைலைத் தலைப்புக்குள் போட்டதும் எழுத்து சிறுத்துவிடுகிறதா? அந்த ஸ்டைலில் 12 புள்ளி (பாயின்ட்) என்பதுபோல் அளவு பதிந்திருக்கும். எடிட் ஸ்டைல் பெட்டியின் ஆர்கனைசர் தாவலில் ‘கன்டெயின்ஸ்’ பெட்டியைப் பார்த்தாலே தெரியும். அளவுக் கட்டத்தில் 90% என்று சதவீதமாக எழுதுங்கள், சுற்றியுள்ள எழுத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். சிடிஎல் பகுதியிலும் மறக்காமல் எழுதுங்கள்.