கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றியவர்கள், மாற்றாதவர்கள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொடிக்கால்:
அப்பா தவறி நாலு மாதம் ஆகிறது. அவர் போட்டு வைத்திருந்த டெபாசிட்டை எடுக்க வங்கிக்குப் போனேன். நாமினி நான்தான். கல்யாணம் ஆன வருடமே ஆதார், பான் இரண்டிலும் அப்பாவின் 'எஸ்'ஸை எடுத்துவிட்டு வீட்டுக்காரர் பெயரின் 'ஆர்' போட்டாயிற்று. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க அலைந்தபோது கூடவே இதையும் முடித்துவிட்டோம்.

கவுன்டரில் இருந்த தம்பி பழைய விண்ணப்பத்தைத் தேடி எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். அப்பாவின் கையெழுத்து. 'எஸ்' போட்டு, அழுத்தி ஒரு புள்ளி வைத்து, என் பெயர். உறவுமுறை என்ற கட்டத்தில் 'மகள்'. அந்தத் தம்பி என் ஆதாரை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இவங்களும் நீங்களும் ஒரே ஆள்தான்னு நாங்க எப்படி எடுத்துக்கிறது?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார், அவர் வேலை அது. எனக்குத்தான் வாய் எழவில்லை. அப்பா எழுதி வைத்த மகள் வேறு யாரோ என்பது போல ஆகிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ராத்திரி படுத்தால் இன்னும் அந்தப் புள்ளிதான் கண் முன்னால் வருகிறது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

தேரடித் தெரு:
அக்கா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எனக்கு பி.எஃப். பணத்தில் இதே சிக்கல். ஆதாரில் ஒரு பெயர், கம்பெனிக் கணக்கில் இன்னொரு பெயர். பெயரைத் திருத்த நானும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்க வேண்டிய ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவத்தில் பழைய முதலாளி கையெழுத்துப் போடும் வரை ஏழு மாதம் காத்திருந்தேன்.

நீங்கள் மாற்றியதில் தப்பில்லை, செய்த வரிசைதான் தப்பு. புதிதாகக் கல்யாணம் ஆகும் தங்கைகளுக்காக எழுதுகிறேன். முதலில் சார் பதிவாளர் அலுவலகத்தில் திருமணப் பதிவு. 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லா மதத்தவருக்கும் இது கட்டாயம். 90 நாளுக்குள் முடித்துவிடுங்கள். விட்டால் இன்னும் 60 நாள் கூடுதல் கட்டணத்தோடு, அதுவும் போனால் அலைச்சல்தான். அந்தச் சான்றிதழில் உங்கள் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். பின்னால் பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்துக் கட்டப்போகிற கயிறு அதுதான். அப்புறம் ஆதார். ஆதாரில் பெயர் மாற்ற ஆயுளுக்கு இரண்டே தடவைதான், அதை எழுத்துப்பிழைக்கு வீணாக்காதீர்கள். அதை அப்படியே பார்த்து பான், அப்புறம் வங்கி, கடைசியில் பாஸ்போர்ட். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியல்தான் இருக்கும், அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முக்கியமாக, அப்பா அம்மா உங்களை எதிலெல்லாம் நாமினியாகப் போட்டிருக்கிறார்களோ, எல்.ஐ.சி., தபால் நிலையம், வங்கி, எல்லாவற்றிலும் அவர்கள் இருக்கும்போதே புதுப் பெயரைக் கொடுத்துவிடுங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறோம்.

பனைவிடலி:
தேரடித் தெரு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. வரிசையைப் பற்றி இவ்வளவு எழுதினீர்கள், எதற்கு மாற்ற வேண்டும் என்று ஒரு வரி இல்லையே? மனைவி பெயர் மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டில்கூடப் பெண்கள் பழைய பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று 2017இல் பிரதமரே அறிவித்தார்.

நான் மாற்றவில்லை. ஆனால் மாற்றாதவளையும் விடுவதில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன். சிசேரியன் முடிந்து கண் விழிக்கிறேன். பிள்ளையின் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதில் என் பெயர், முன்னால் என் கணவரின் எழுத்து. "சிஸ்டர், இது என் இனிஷியல் இல்லை" என்றேன். "கல்யாணம் ஆயிடுச்சுல்லம்மா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். என்னால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறப்புச் சான்றிதழிலும் அதே எழுத்து வந்தது. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பள்ளியில் சேர்க்கும்போதுதான் அம்மா பெயர் பொருந்தவில்லை என்றார்கள். திருத்தி வாங்க மூன்று முறை நகராட்சிக்கு நடந்தேன். பணமோ நேரமோ பெரிதில்லை. பெற்றவள் பெயரைப் பெற்றவளிடமே கேட்காமல் எழுதினார்களே, அதுதான் ஆறவில்லை.

தேரடித் தெரு:
பனைவிடலி அக்கா, மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. மாற்றுகிறவர்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதினேன்.

மழைத்துளி:
மூன்றாவது வகை நான். கல்யாணத்துக்கு மாற்றி, விவாகரத்துக்குப் பிறகு திரும்ப வந்தவள். ஆதாரில் ஒரு தடவை எழுத்துப்பிழைக்கு, ஒரு தடவை கல்யாணத்துக்கு என்று இரண்டும் தீர்ந்துவிட்டன. மூன்றாவது தடவைக்கு அரசிதழ் வேண்டும் என்றார்கள். நீதிமன்றத் தீர்ப்பின் நகல், நோட்டரி, விண்ணப்பம் எல்லாம் தயார் செய்து எழுதுபொருள் அச்சுத் துறைக்குக் கொடுத்தேன்.

அரசிதழ் வந்த அன்று பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். வரிசையாக யார் யாரோ. மதம் மாறியவர்கள், நியூமராலஜிக்காக ஓர் எழுத்து கூட்டியவர்கள். அவர்களுக்கு நடுவில் நான். இன்னாரின் மகள், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், இனிமேல் இந்தப் பெயரால் அறியப்படுவார் என்று. 'இன்னாரின் மகள்' என்பதை விரலால் தடவிப் பார்த்தேன். பதினோரு வருடம் கழித்து அச்சில் அப்பா பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா "ரிசல்ட்டா பாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மாற்றலாமா வேண்டாமா என்று சண்டை போட எனக்குத் தெம்பில்லை. மாற்றினாலும் பழைய பெயரில் உள்ள ஒரு தாளையும் கிழிக்காதீர்கள்.

கொடிக்கால்:
எல்லாருடையதையும் படித்தேன். தேரடித் தெரு, நீங்கள் சொன்ன கயிறுதான் என்னைக் காப்பாற்றியது. திருமணச் சான்றிதழில் அப்பா பெயரும் பழைய இனிஷியலும் இருந்தன. அதோடு ஸ்டாம்ப் பேப்பரில் இரண்டு பெயரும் ஒருவரே என்று எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். நேற்றுப் பணம் வந்துவிட்டது. அந்தத் தம்பியிடம் அப்பா எழுதிய தாளுக்கு ஒரு ஜெராக்ஸ் கேட்டேன். மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். திங்கட்கிழமை திரும்பவும் போகிறேன்.