வீட்டுக்குள் எடுத்த காட்சிகள் தட்டையாகத் தெரிவது ஏன்?

கேள்வி:
குறும்படத்திற்காக வீட்டுக்குள் இரண்டு எல்இடி விளக்குகளை நேரே வைத்து எடுத்த காட்சிகளில், முகங்கள் தட்டையாகவும் சுவரில் இரட்டை நிழலோடும் தெரிகின்றன. காட்சி அழகியலை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

மறுமொழி 1:
1956இல் வெளிவந்த, சத்யஜித் ராயின் வங்காளப் படமான ‘அபராஜிதோ’வுக்காகக் காசி வீட்டின் முற்றத்தைக் கல்கத்தா படப்பிடிப்பு அரங்கில் அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்து, விளக்கொளியை அதன்மேல் பாய்ச்சி, திரும்பி விழும் மென்னொளியில் படமாக்கினார். உங்களுக்கு ஒரு வெள்ளை வேட்டியும் கொடிக்கயிறும் போதும். ஒரு விளக்கை அணைத்துவிட்டு மற்றதை வேட்டிப் பக்கம் திருப்புங்கள்.

மறுமொழி 2:
அதற்கும் முன்பு, ஒருவரைச் சன்னலோரம் அமர்த்தி, காலையிலும் மாலையிலும் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். வண்ணச் சீரமைப்பு மென்பொருளுக்கு இப்போது அவசரமில்லை.

கேட்டவர்:
வேட்டி கட்டிப் பார்த்தேன். இரட்டை நிழல் போய்விட்டது, ஆனால் ஒளி மங்கிவிட்டது.

மறுமொழி 1:
வேட்டியை முகத்திற்கு அருகே, கேமராவில் தெரியும் சட்டகத்திற்குச் சற்று வெளியே இறக்கிக் கட்டுங்கள்.